நிட்டிங்கில் 'கே' எதற்கு?

திருப்பூரில் அவிநாசி சாலையிலோ பல்லடம் சாலையிலோ சிறிது தூரம் நடந்து சென்றால், இருபுறமும் தெரியும் பெயர்ப் பலகைகளில் 'நிட்டிங்', 'நிட்வேர்', 'நிட் பேப்ரிக்ஸ்' என்னும் சொற்கள் திரும்பத் திரும்பத் தென்படும். தமிழில் 'நி' என்று தொடங்கும் இச்சொல்லை அதே பலகையில் ஆங்கிலத்தில் எழுதும்போது, முதலில் 'கே' என்ற எழுத்து வந்து நிற்கிறது. வாய் அதைச் சொல்வதில்லை; காது அதைக் கேட்பதில்லை; ஆனால் கை மட்டும் அதை எழுதியாக வேண்டும். எழுத மறந்தால் பள்ளியில் மாணவனுக்கு மதிப்பெண் போகிறது. டெலிவரி சலான் எழுதும் இளைஞனுக்குக் கேலி மிஞ்சுகிறது.

தமிழ் வழியில் பயிலும் மாணவர்கள் பலரை ஆங்கிலத்தின் மீது வெறுப்புக் கொள்ளச் செய்வது இத்தகைய ஒலிக்காத எழுத்துகளே. "சொல்வது ஒன்று, எழுதுவது ஒன்று, இதற்கு ஒரு நியாயமும் கிடையாது, மனப்பாடம் செய்வதே வழி" என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. மனப்பாடம் செய்ய இயலாதவன் தன் மூளையையே குறை கூறிக்கொள்கிறான். உண்மையில் அந்தக் 'கே' காரணமின்றி அங்கே வந்து உட்காரவில்லை. அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறிந்தவனுக்கு எழுத்துக்கூட்டல் எளிதாகும். மொழிநூல் என்னும் விஞ்ஞானத்தின் வாயிலும் திறக்கும்.

ஒரே முகத்தோடு ஒரு கூட்டம்

ஆங்கிலத்தில் 'கே', 'என்' ஆகிய இரண்டு எழுத்துகளையும் அடுத்தடுத்துப் பெற்றுத் தொடங்கும் சொற்களை ஒன்றுசேர்த்துப் பாருங்கள். நிட் (பின்னு), நாட் (முடிச்சு), நீ (முழங்கால்), நக்கிள் (விரல் கணு), நாப் (குமிழ்), நோல் (சிறு குன்று), நீட் (மாவு பிசை), நாக் (தட்டு), நைஃப் (கத்தி), நோ (அறி), நைட் (போர்வீரன்), நேவ் (போக்கிரி) ஆகியவை இக்கூட்டத்தின் முக்கிய உறுப்பினர்கள்.

இவை எல்லாம் வீட்டிலும் வயலிலும் புழங்கும் சொற்கள். கையும் காலும், கயிறும் மாவும், கத்தியும் கதவைத் தட்டுவதும் இவற்றில் வருகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை, ஐந்தாம் நூற்றாண்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வழங்கிய 'பழைய ஆங்கிலம்' என்னும் மொழியிலேயே இருந்தவை. நக்கிள், நாப் போன்றவை சற்றுப் பிந்தி எழுத்தில் வந்தன. நைஃப் என்பது இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர் கொண்டுவந்த சொல்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொற்களின் வடிவம் வேறு. அவற்றைத் தமிழில் துல்லியமாக எழுத இயலாது. ஏறத்தாழ எழுதினால், முடிச்சு 'க்னொட்டா', முடிச்சிடுதல் 'க்னிட்டன்', பிசைதல் 'க்னெடன்', அறிதல் 'க்னாவன்', கத்தி 'க்னீஃப்' என்று வரும். அந்நாளில் 'க்' முழுமையாக ஒலித்தது. இன்று நம் கண்ணை உறுத்தும் 'கே', ஒரு காலத்தில் காதுக்கும் கேட்ட எழுத்தே.

முடிச்சு இல்லாத துணிக்கு முடிச்சுப் பெயர்

திருப்பூர் வாசகர்கள் இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். நிட் என்ற சொல்லும் நாட் என்ற சொல்லும் உடன்பிறந்தவை. நிட் என்பதற்கு முதலில் இருந்த பொருள் 'முடிச்சிட்டுக் கட்டு' என்பதே. கயிறு கட்டுதல், மூட்டை கட்டுதல் ஆகியவற்றுக்கெல்லாம் இச்சொல் பயன்பட்டது. நூலை ஊசியால் பின்னி ஆடை செய்வது என்ற இன்றைய பொருள் பதினாறாம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

ஆனால் பனியன் துணியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். அதில் ஒரு முடிச்சும் இராது. இருப்பவை வளையங்கள், அதாவது தொழிலில் 'லூப்' என்று வழங்கும் கண்ணிகள் மட்டுமே. வட்ட நிட்டிங் இயந்திரத்தின் சிலிண்டரைச் சுற்றி ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. கோனிலிருந்து வரும் நூலை ஊசியின் கொக்கி பிடித்து, முன்னமே தன்மேல் இருக்கும் பழைய கண்ணியின் ஊடே இழுக்கிறது. பழைய கண்ணி கழன்று விழ, புதிய கண்ணி அதன் இடத்தில் நிற்கிறது. இவ்வாறு கண்ணிக்குள் கண்ணி நுழைந்து துணி குழாய் வடிவில் இறங்குகிறது. முடிச்சு இல்லாததால்தான் பனியன் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஓர் இடத்தில் நூல் அறுந்தால், கண்ணிகள் ஏணிப்படி போல ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று ஓடுவதற்கும் இதுவே காரணம். பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிகளில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகச் சென்று உருவாகும் துணிக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

ஆக, ஆங்கிலச் சொல் முடிச்சைச் சுட்டுகிறது. பொருளில் முடிச்சு இல்லை. தமிழில் நாம் இட்டுக்கொண்ட 'பின்னலாடை' என்ற பெயர் உண்மைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் ஓர் அரசரும் உண்டு. கி.பி. 1016 முதல் 1035 வரை இங்கிலாந்தை ஆண்ட டேனிய அரசர் க்னூட் என்பவரின் பெயர், முடிச்சு என்ற பொருளுடைய ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்தது. பிற்கால ஆங்கிலேயர் அப்பெயரை என்ன செய்தனர் தெரியுமா? 'க்' என்பதை விட்டுவிடாமல், இடையில் ஓர் உயிரொலியைச் செருகிக் 'கனூட்' என்றனர். ஸ்கூல் என்பதை நம்மவர் 'இஸ்கூல்' என்பதும், ப்ளேட் என்பதைப் 'பிளேடு' என்பதும் போன்றதே இது. வாய்க்கு எளிதாக வராத மெய்யொலிக் கூட்டத்தை எந்த நாட்டு மனிதனும் ஏதேனும் ஒரு வழியில் தளர்த்திக்கொள்கிறான்.

எப்படித் தெரிந்துகொண்டார்கள்?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசியவர்களின் குரலை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அப்படியிருக்க, 'க்' ஒலித்தது என்று மொழிநூலார் எப்படித் துணிந்து கூறுகின்றனர்? மூன்று சாட்சிகள் உள்ளன.

முதல் சாட்சி எழுத்து. எழுதத் தொடங்கிய துறவிகள் தாம் கேட்டதை எழுதினர். ஒலிக்காத எழுத்தை வேலை மெனக்கெட்டு யாரும் புதிதாகச் சேர்ப்பதில்லை.

இரண்டாம் சாட்சி செய்யுள். பழைய ஆங்கிலச் செய்யுளுக்கு உயிராக இருந்தது மோனை. ஒரே அடியில் வரும் முக்கியச் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்க வேண்டும். அச்செய்யுள்களில் 'க்ன' என்று தொடங்கும் சொற்கள், அரசன் என்ற பொருளுடைய 'குனிங்' போன்ற ககர ஒலிச் சொற்களோடு மோனையாக அமைகின்றன. னகர ஒலிச் சொற்களோடு அமைவதில்லை. தமிழ்ச் செய்யுளில் பயின்ற நமக்கு இச்சான்றின் வலிமை எளிதில் விளங்கும்.

மூன்றாம் சாட்சி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தின் உறவு மொழிகளான ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் ஆகியவற்றைப் பேசுவோர் இந்தக் 'க்' ஒலியை இன்றளவும் விடவில்லை. ஜெர்மானியர் முழங்காலைக் 'க்னீ' என்பர். முடிச்சைக் 'க்னோட்டன்' என்பர். சட்டைப் பொத்தானுக்கு அவர்கள் வழங்கும் சொல் 'க்னொப்ஃப்'. அதே ஜெர்மானியர் ஊசியை 'நாடல்' என்றே சொல்கின்றனர். அங்கே 'க்' இல்லை. ஊசிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் நீடில் என்ற சொல்லிலும் 'கே' இல்லை. ஆங்கில எழுத்தும் ஜெர்மன் ஒலியும் இவ்வாறு ஒன்றுக்கொன்று பொருந்தி வருவது தற்செயல் ஆகாது.

ஒலி ஏன் மறைந்தது?

'க்' என்று ஒலிக்கும்போது நாவின் பின்பகுதி மேலே எழுந்து மெல்லண்ணத்தை அடைக்கிறது. அடைப்பு விலகும்போது காற்று வெடித்து வெளிவருகிறது. அந்த வெடிப்பையே நாம் 'க்' என்று கேட்கிறோம். 'ன்' என்று ஒலிக்கும்போது நாவின் நுனி மேற்பல்லின் அருகே ஒட்டி வாயை அடைக்க, காற்று மூக்கின் வழியே செல்கிறது. இரண்டையும் உடனுக்குடன் சொன்னால், 'க்' வெடிப்பதற்குள் நாநுனி முன்வாயிலை அடைத்துவிடுகிறது. வெடிக்க வேண்டிய காற்று மூக்கு வழியே நழுவுகிறது. ஒலி மங்கிவிடுகிறது. மங்கிய ஒலியைக் கேட்டு வளரும் குழந்தை அதை இன்னும் மங்கலாகச் சொல்கிறது. சில தலைமுறைகளில் ஒலி இல்லாமற் போகிறது.

சொல்லின் நடுவில் இந்த இடர்ப்பாடு குறைவு. 'அக்னி' என்று சொல்லும்போது முன்னுள்ள அகரம் 'க்' ஒலிக்குத் தோள் கொடுக்கிறது. அதனால்தான் ஒப்புக்கொள் என்ற பொருள் தரும் 'அக்னாலெட்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'க்' இன்றும் காதில் விழுகிறது.

எழுத்து ஏன் நின்றது?

இதற்கு விடை காலக்கணக்கில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தார் ககர ஒலியைச் 'சி' என்ற எழுத்தால் எழுதினர். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு முறையில் பயின்றவர்கள் எழுத்தர்களாயினர். பிரெஞ்சு முறையில் 'சி' சில இடங்களில் சகர ஒலி பெறும். குழப்பம் நேராதிருக்க அவ்விடங்களிலும், 'என்' எழுத்தின் முன்னும், 'கே' எழுதும் வழக்கம் பரவியது. அப்போதும் 'க்' ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

1476-இல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அதன்பின் அச்சிட்ட நூல்கள் பெருகப் பெருக, சொற்களின் எழுத்துக்கூட்டலும் படிப்படியாக உறைந்து நிலைபெற்றது. அது ஏறத்தாழ நிலைபெற்று முடிந்த பதினேழாம் நூற்றாண்டில்தான் 'க்' ஒலி மறையலாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டு பிறந்தபோது கற்றோர் பேச்சிலும் அது பெரும்பாலும் இல்லை. ஒலி புறப்பட்டுச் சென்றது. ஈய அச்சில் வார்த்த எழுத்து தங்கிவிட்டது.

நாட்டிங்ஹாம் அருகேயுள்ள கால்வர்ட்டனைச் சேர்ந்த வில்லியம் லீ, காலுறை பின்னும் முதல் நிட்டிங் பொறியை 1589-இல் அமைத்தார். அவர் காலத்தில் அச்சொல்லின் 'க்' இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது! உலகின் முதல் நிட்டிங் பொறி, நிட்டிங் என்ற சொல்லின் மௌன எழுத்தைவிட வயதில் மூத்தது. மாத்யூ டவுன்செண்ட் தாழ் ஊசிக்குக் காப்புரிமை பெற்ற 1847-இல் ஒலி மறைந்து நெடுநாளாகியிருந்தது. திருப்பூரில் பனியன் உற்பத்தி தொடங்கிய 1920களில், நம்மவர் அச்சொல்லைக் காதால் கேட்டே எடுத்துக்கொண்டனர். ஆகவே தமிழில் அது 'நிட்டிங்' ஆயிற்று. லீயின் காலத்திலேயே அப்பொறி நொய்யல் கரைக்கு வந்திருந்தால், நாம் இன்று 'கினிட்டிங்' என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

பேன் முட்டை சொல்லும் சான்று

ஒரு கொள்கையைக் கூறினால் அதைச் சோதித்துப் பார்ப்பது விஞ்ஞான முறை. "அச்சு வந்து எழுத்துக்கூட்டல் உறைந்தபின் மறைந்த ஒலியின் எழுத்து தங்கும்" என்கிறோம். அப்படியானால், அச்சுக்கு முன்பே மறைந்த ஒலியின் எழுத்து எழுத்திலிருந்தும் மறைந்திருக்க வேண்டும் அல்லவா?

அப்படியே நடந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'க்ன' என்ற கூட்டத்தைப் போலவே 'ஹ்ன', 'ஹ்ல', 'ஹ்ர' என்ற கூட்டங்களும் இருந்தன. கொட்டைக்கு 'ஹ்னுடு', கழுத்துக்கு 'ஹ்னெக்கா', ரொட்டிக்கு 'ஹ்லாஃப்', மோதிரத்துக்கு 'ஹ்ரிங்' என்று பெயர். இவற்றின் முன்னிருந்த 'ஹ்' ஒலி அச்சகம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தேய்ந்துவிட்டது. இன்று நட், நெக், லோஃப், ரிங் ஆகிய சொற்களை எழுதும்போது அங்கே 'எச்' எழுத்தின் சுவடு கூட இல்லை.

தலையில் பேன் இடும் முட்டையை நாம் ஈர் என்கிறோம். அதற்கு ஆங்கிலத்தில் 'நிட்' என்று பெயர். பனியன் பின்னும் 'நிட்' என்ற சொல்லுக்கும் இதற்கும் இன்று ஒலியில் சிறிதும் வேறுபாடு கிடையாது. ஆனால் முன்னது பழைய ஆங்கிலத்தில் 'க்' பெற்றிருந்தது. பின்னது 'ஹ்' பெற்றிருந்தது. 'ஹ்' அச்சுக்கு முன் மறைந்ததால் ஈரைக் குறிக்கும் சொல் மூன்றே எழுத்தில் நின்றுவிட்டது. 'க்' அச்சுக்குப் பின் மறைந்ததால் பின்னலைக் குறிக்கும் சொல் நான்கு எழுத்தோடு இருக்கிறது. பெயர்ப் பலகையில் 'கே'யை விட்டுவிட்டால் பின்னலாடைத் தொழிற்கூடம் ஈர்த் தொழிற்கூடமாகிவிடும்!

மௌன எழுத்து எனவே ஒரு காலக்குறிப்பு. மரத்தின் வளையத்தைக் கண்டு வயதைக் கணிப்பது போல, ஒரு சொல்லில் தங்கியுள்ள ஊமை எழுத்தைக் கண்டு, அந்த ஒலி ஏறத்தாழ எப்போது மறைந்தது என்று கணிக்கலாம்.

முழங்காலும் ஞானமும்

'க்ன' கூட்டத்தின் இரண்டு சொற்கள் இங்கிலாந்தையும் கடந்து நம் வீட்டு வாசல் வரை வருகின்றன. 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று எடுத்துரைத்தார். 1822-இல் ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் கிரிம், இம்மொழிகளின் ஒலிகள் ஒழுங்கான விதிப்படி மாறியுள்ளன என்று விளக்கினார். அவ்விதிகளுள் ஒன்று, லத்தீனிலும் கிரேக்கத்திலும் வல்லொலிக் ககரமாக, அதாவது 'கணபதி' என்ற சொல்லின் முதல் ஒலியாக இருப்பது, ஆங்கிலக் குடும்பத்தில் 'க்' ஆகும் என்பது. வடமொழியில் பல இடங்களில் அதற்கு ஈடாக 'ஜ' நிற்கும்.

இப்போது சோதியுங்கள். முழங்கால்: பழைய ஆங்கிலத்தில் 'க்னேவ்', லத்தீனில் 'கெனு', கிரேக்கத்தில் 'கொனு', வடமொழியில் 'ஜானு'. நெடிய கைகளை உடையவரை 'ஆஜானுபாகு' என்கிறோமே, அதற்கு முழங்கால் வரை நீண்ட கைகளை உடையவர் என்று பொருள். அதில் உள்ள ஜானு இதுவே. அறிதல்: ஆங்கிலத்தில் 'க்னா', கிரேக்கத்தில் 'க்னோ', வடமொழியில் 'ஜ்ஞா'. அதிலிருந்து வந்தவை நாம் வழங்கும் ஞானம், விஞ்ஞானம் ஆகிய சொற்கள். உறவினர் என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல் 'கின்', இனம் என்ற பொருளுடைய லத்தீன் சொல் 'கெனுஸ்', வடமொழியின் 'ஜனம்' ஆகியவையும் இதே கணக்கில் பொருந்துகின்றன. மூன்றிடத்தும் ஒரே ஒழுங்கு. இதனால்தான் இதை விதி என்கிறோம்.

ஞானம் என்ற சொல்லை மீண்டும் ஒரு முறை எழுதிப் பாருங்கள். மூலத்தில் முன்னே நின்ற 'ஜ்' எங்கே? தமிழ் நா அதைக் கைவிட்டது. சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதைத் தமிழ் மரபு ஏற்பதில்லை. எந்தெந்த எழுத்துகள் சொல்லுக்கு முதலாகும் என்பதைத் தொல்காப்பியமே வரையறுத்துள்ளது. ஆங்கிலேயர் 'க்ன' என்பதில் முதல் மெய்யை விட்டது போல, நாம் 'ஜ்ஞ' என்பதில் முதல் மெய்யை விட்டோம். ஆனால் எழுத்திலும் அதைச் சேர்த்தே விட்டுவிட்டோம். அவர்கள் எழுத்தை வைத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. "கரும்பின் கணுவும் கெனுவும் ஒன்றுபோல ஒலிக்கின்றனவே, அவையும் உறவுதானே?" என்று சிலருக்குத் தோன்றும். ஒலி ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. தெலுங்கில் 'கணுபு', மலையாளத்தில் 'கணு' என்று நம் சொல்லுக்குத் திராவிடக் குடும்பத்திலேயே உடன்பிறப்புகள் உள்ளன. தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்று வேறான ஒரு தனிக் குடும்பம் என்பதைச் சென்னையில் எல்லிஸ் 1816-இலும், கால்டுவெல் 1856-இலும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பாய்வது ஆராய்ச்சியாகாது. ஒழுங்கான மாற்றம் பல சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பதே ஆராய்ச்சி.

ஏறியவனும் இறங்கியவனும்

ஒலி மாறுவது போலவே பொருளும் மாறும். அதற்கும் இக்கூட்டத்திலேயே அழகிய எடுத்துக்காட்டு உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'க்னிஹ்ட்' என்றால் பையன், பணியாள். 'க்னவா' என்றாலும் பையன்தான். முதல் பையன் தலைவனுக்குப் பணிசெய்து, பின் அவனோடு குதிரையேறிப் போருக்குச் சென்று, இறுதியில் அரசனிடம் பட்டம் பெறும் வீரன் ஆனான். இன்றைய நைட் என்ற சொல் அவனுடையது. இரண்டாம் பையன் வேலைக்காரனாகி, பின் நம்பத்தகாதவனாகி, கடைசியில் போக்கிரி ஆனான். அதுவே நேவ். ஜெர்மானிய மொழியில் இவற்றின் உறவுச் சொற்கள் இவ்வளவு அலையவில்லை: 'க்னெஷ்ட்' இன்றும் பணியாள், 'க்னாபெ' இன்றும் பையன்.

நம் எழுத்தில் ஊமைகள் இல்லையா?

ஆங்கிலத்தை மட்டும் எள்ளி நகையாட வேண்டியதில்லை. யானை என்று எழுதுகிறோம். பேச்சில் ஆனை என்கிறோம். பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள மலையின் பெயரும் ஆனைமலைதான். பழந்தமிழில் யாடு, யாமை, யாறு, யாண்டு என்று வழங்கிய சொற்கள் இன்று ஆடு, ஆமை, ஆறு, ஆண்டு என வழங்குகின்றன. இவற்றில் ஒலியோடு எழுத்தும் போயிற்று. யானையில் மட்டும் எழுத்து தங்கிவிட்டது. அவ்வாறே ஞண்டு நண்டாயிற்று. ஞாயிறு ஞாயிறாகவே நிற்கிறது. 'ஒன்று' என்று எழுதி 'ஒண்ணு' என்கிறோம். 'ஐந்து' என்று எழுதி 'அஞ்சு' என்கிறோம். தமிழ் கற்கும் அயல்நாட்டவருக்கு இவை எல்லாம் நிட்டிங்கின் 'கே' போலத்தான் தோன்றும்.

எழுத்தைச் சீர்திருத்தினால் என்ன என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 1978-இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் ணை, லை, றா போன்ற எழுத்துகளின் வடிவத்தை எளிதாக்கியது. சொற்களின் எழுத்துக்கூட்டலைத் தொடவில்லை. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதியில் பல சொற்களை எளிதாக்கினார். மியூசிக் என்ற சொல்லின் இறுதியில் அந்நாளில் பலர் எழுதிவந்த தேவையற்ற 'கே'யை நீக்கியே எழுதினார். ஆயினும் நிட்டிங்கின் தொடக்கத்துக் 'கே' அங்கும் தப்பிவிட்டது. இத்தனைக்கும் வெப்ஸ்டர் என்ற குடும்பப் பெயருக்கு நெசவு செய்பவர் என்று பொருள்!

அந்தக் 'கே' பயனற்றதும் அன்று. நோ என்று ஒலிக்கும் இரு சொற்களில் 'கே' இருந்தால் 'அறி', இல்லாவிட்டால் 'இல்லை'. நைட் என்பதில் 'கே' இருந்தால் வீரன், இல்லாவிட்டால் இரவு. நாட் என்பதில் 'கே' இருந்தால் முடிச்சு. காது பிரிக்க முடியாததைக் கண் பிரித்துக்கொள்கிறது.

மாணவர்கள் செய்யத்தக்கது

இச்சொற்களைத் தனித்தனியே உருப்போடாமல் குடும்பமாகப் பிரித்து எழுதுங்கள். திரட்சியும் மூட்டும் ஒரு குழு: முடிச்சு, குமிழ், விரல் கணு, சிறு குன்று, முழங்கால். கைவேலை ஒரு குழு: பின்னு, பிசை, தட்டு, கத்தி. ஆள் ஒரு குழு: வீரன், போக்கிரி. அறிவு தனிக் குழு. அதிலிருந்து பிறந்தவையே நாலெட்ஜ், அக்னாலெட்ஜ் முதலியன. எழுதும்போது பழைய ஆங்கிலேயரைப் போல 'க்னிட்', 'க்னீ', 'க்னைஃப்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு எழுதுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது மட்டும் 'க்' ஒலியை விட்டுவிடுங்கள். இரண்டு நாள் பழகினால் போதும், கை தவறாது.

இதே முறையை வேறு எழுத்துக் கூட்டங்களுக்கும் நீட்டலாம். எழுது என்ற பொருளுள்ள 'ரைட்', மணிக்கட்டைக் குறிக்கும் 'ரிஸ்ட்', தவறு என்ற பொருளுள்ள 'ராங்' ஆகியவற்றின் முன்னே ஒலிக்காத 'டபிள்யூ' நிற்கிறது. கொசு போன்ற சிறு பூச்சியைக் குறிக்கும் 'நாட்', கொறி என்ற பொருளுள்ள 'நா' ஆகியவற்றின் முன்னே ஒலிக்காத 'ஜி' நிற்கிறது. அவையும் ஒரு காலத்தில் வாய் திறந்து பேசியவையே. ஓர் அகராதியை எடுத்துக்கொண்டு இவற்றின் பட்டியலைத் தயாரித்துப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லின் எதிரிலும் ஜெர்மன் உறவுச் சொல்லைக் குறித்தால், எங்கே ஒலி தங்கியது, எங்கே எழுத்து மட்டும் தங்கியது என்பது தானே விளங்கும்.

எழுத்துக்கூட்டலில் தவறுவது அறிவுக் குறைவின் அடையாளம் அன்று. காதில் விழுவதை உண்மையாக எழுதும் மாணவன், ஆயிரம் ஆண்டுக்கு முன் 'க்னிட்டன்' என்ற சொல்லைக் கேட்டவாறே எழுதிய துறவியின் வழியில்தான் செல்கிறான். அவனுக்குத் தெரியாதிருந்தது இடையில் நடந்த கதை மட்டுமே. அந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தால், தண்டனை போலத் தோன்றிய எழுத்து அவனுக்குப் பாடமாகிவிடும்.